மொறிஸ் மைனர் 1000: புதுக் காபரேற்றர் போட்டும் ஐட்லிங் நிலைக்கவில்லை

சுன்னாகம்_மைனர்:

வணக்கம். அப்பாவின் கார், 1964 மொறிஸ் மைனர், 1098 சிசி எஞ்சின். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கொட்டிலுக்குள் தள்ளிவிட்டது, பிறகு ஒருவரும் தொடவில்லை. போன வருசம் அப்பா தவறிவிட்டார். அம்மா ஒருநாள் "ஒண்டில் அதை ஓட வை, இல்லாட்டி ஆருக்கும் குடுத்துவிடு" என்றா. ஓட வைப்பது என்று இறங்கினேன்.

தாங்கியைக் கழற்றிக் கழுவினேன். பெற்றோல் குழாய் புதுசு. பம்ப் டக் டக் என்று அடித்து, நிரம்பியதும் நிற்கிறது. பிளக், பொயின்ற், கண்டென்சர் எல்லாம் மாற்றியாயிற்று. ஸ்ராற் ஆகும். சோக் (குளிர் எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் இழுவை) இழுத்து வைத்திருக்கும்வரை நல்ல பிள்ளை. சோக்கை உள்ளே தள்ளினால் ஐட்லிங் (கார் நிற்கும்போது எஞ்சின் மெல்ல ஓடும் வேகம்) ஏறி இறங்கி, கடைசியில் நின்றுவிடும். வீதியில் 30, 40 மைலில் ஓடும்போது குறை இல்லை. அக்சிலேற்றரைத் திடீரென்று மிதித்தால் ஒரு விக்கல், சிலவேளை காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேற்றருக்குள்ளால் டப் என்று ஒரு வெடி.

ஒரு கராஜில் காட்டினேன். பொனெற்றைத் திறந்த கையோடு "காபரேற்றர் முடிஞ்சுது, மாத்து" என்றார்கள். சரி என்று இணையத்தில் எஸ்யூ வகைப் புதுக் காபரேற்றர், எச்.எஸ்.2 ஒன்று எடுப்பித்தேன், 38,000 ரூபா. நானே மாட்டினேன். இப்போது முந்தியதைவிட மோசம், சோக் போட்டாலும் விக்குகிறது. எங்கே பிழை விட்டேன்?

மதில்மேல்பூனை:

38,000 ரூபாவுக்குக் காபரேற்றரா! பேசாமல் விற்றுப்போட்டு ஒரு ஆல்ட்டோ பாருங்கோ.

கோவை_ஹெரால்டு:

பூனையாரே, பழைய கார் வைத்திருப்பவரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது!

நண்பரே, என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சோலெக்ஸ் கார்புரேட்டர். உங்களுடையது எஸ்யூ, வேறு சாதி. எங்கள் சோலெக்ஸில் பெட்ரோல் வரும் துளைகளான ஜெட்டுகளின் அளவு மாறாது. மிதித்தால் உடனே கொஞ்சம் பெட்ரோலைப் பீச்சியடிக்க ஒரு குட்டிப் பம்பு இருக்கும், அதற்குள் ஒரு டயஃப்ரம். இப்போது இங்கே பங்கில் கிடைப்பதெல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய ரப்பரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எஸ்யூவில் அந்தப் பம்பே கிடையாது. அந்த வேலையைச் செய்வது மேலே மூடிக்குள் இருக்கும் டேம்பர், கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை எண்ணெயால் மெதுவாக ஏறவைப்பது. கருப்பு மூடியைத் திருகி வெளியே எடுத்துப் பாருங்கள், உள்ளே எண்ணெய் இருக்கிறதா? புதிதாக வரும் கார்புரேட்டர்களில் எண்ணெய் ஊற்றி அனுப்ப மாட்டார்கள். எண்ணெய் இல்லாவிட்டால் மிதித்தவுடன் பிஸ்டன் படக்கென்று மேலே ஏறிவிடும். காற்று மட்டும் அதிகமாகப் போகும், பெட்ரோல் பின்தங்கும். நீங்கள் சொல்லும் விக்கலும் வெடியும் அதுதான்.

சுன்னாகம்_மைனர்:

அண்ணா, திறந்து பார்த்தேன். எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது! 20W-50 எஞ்சின் ஒயில் விட்டேன். விக்கல் பாதி குறைந்தது. ஐட்லிங் அப்படியேதான்.

ஸ்காபரோக்காரன்:

எண்ணெய்க் கதை சரி. ஊசியையும் பாருங்கள். பிஸ்டனோடு ஒட்டிக்கொண்டு ஜெற்றுக்குள் இறங்குகிற கூர் ஊசி, அதன் தண்டில் எழுத்துப் பொறித்திருக்கும். 1098 மைனருக்கு ஏ.என். என்ற ஊசிதான் வழமை. புதுசில் என்ன எழுத்து?

இன்னொன்று. காபரேற்றரை மனிபோல்ட்டில் (கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்) இறுக்கும் நட்டுகளுக்கு 13 நம்பர் சாவி போட்டீரா? இந்தக் காரில் மில்லிமீற்றர் அளவே இல்லை, அது அரை அங்குலச் சாவி. 13 கொஞ்சம் ஆடும், நட்டின் மூலைகளை உருட்டிவிடும்.

சுன்னாகம்_மைனர்:

13தான் போட்டேன், மன்னிக்கவும். ஒரு நட்டு ஏற்கெனவே வட்டமாகிவிட்டது.

புது ஊசியில் எழுத்தே இல்லை. பழையதில் மங்கலாக ஏ.என். தெரிகிறது.

பழைய_இரும்பு:

தம்பி, ஒன்றுக்கும் அவசரப்படாதையும். இரண்டு வேறு வருத்தம் இருக்கிறது. புதுக் காபரேற்றரோடு வந்தது ஒன்று. அதற்கு முந்தியே காரில் இருந்தது மற்றது. கராஜ்காரர் கண்டது இரண்டாவதை, மாற்றச் சொன்னது அதற்குச் சம்பந்தமில்லாத சாமானை என்றுதான் நினைக்கிறேன். முதலாவதை முதலில் முடிப்போம்.

காற்று வடிகட்டியைக் கழற்றும். டேம்பரை வெளியே எடும். வாய்க்குள் விரலை விட்டுப் பிஸ்டனை மேலே தூக்கி, அப்படியே விடும். கீழே விழுந்து அடியில் 'டக்' என்று உலோகச் சத்தம் கேட்க வேண்டும். சத்தம் கேட்காமல் மெல்ல வந்து உட்கார்ந்தாலோ பாதியில் நின்றாலோ ஊசி ஜெற்றின் ஒரு பக்கத்தில் உரசுகிறது என்று அர்த்தம். மலிவுப் பிரதிகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

உரசினால் இப்படிச் செய்யும். கீழே ஜெற்றை இழுக்கும் கம்பியைக் கழற்றி, சரிப்படுத்தும் நட்டையும் அதன் சுருளையும் எடும். சுருளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நட்டை மட்டும் திரும்பப் போட்டு மேலே முட்டும்வரை ஏற்றும். அதற்கு மேலே இருக்கும் பெரிய பூட்டு நட்டை, ஜெற்றின் கூடு விரலால் அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்தும். இப்போது மேலே டேம்பர் துளைக்குள்ளால் ஒரு பென்சிலை விட்டுப் பிஸ்டனைக் கீழே அமத்திப் பிடித்தபடி பூட்டு நட்டை இறுக்கும். ஊசி தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். மறுபடி தூக்கி விட்டுப் பாரும். டக் கேட்கும்வரை விடக்கூடாது, எனக்கு ஒருமுறை எட்டுத்தரம் செய்ய வேண்டி வந்தது.

பிறகு சுருளைப் போட்டு, நட்டை மேலே முட்ட வைத்து, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்றுக் கீழே இறக்கும். நட்டுக்கு ஆறு முகம், ஆகவே 12 முகம். கீழே இறக்கினால் பெற்றோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். அது தொடக்க இடம்தான். கடைசி அளவை இப்போது தேட வேண்டாம்.

நாளைக்கு நாலு பிளக்கையும் கழற்றி, 1, 2, 3, 4 என்று வரிசையாக வைத்துப் படம் போடும். எந்தப் பிளக் எதிலிருந்து வந்தது என்று மாறக்கூடாது.

சுன்னாகம்_மைனர்:

ஐயா, டக் கேட்கவே இல்லை, சளி மாதிரி மெல்ல வந்து உட்கார்ந்தது. நீங்கள் சொன்னபடி செய்தேன், நாலாம் தரம் கேட்டது. அவ்வளவு சந்தோசம், அம்மாவைக் கூப்பிட்டு இரண்டு தரம் கேட்க வைத்தேன். பழைய ஏ.என். ஊசியையும் இதில் போட்டேன். இப்போது சோக்கோடு விக்கல் இல்லை. ஆனால் சோக்கை எடுத்தால் பழைய குணமேதான், ஏறி இறங்கி நிற்கிறது.

பிளக் படம் இணைத்திருக்கிறேன். 1, 2 பால்தேத்தண்ணி நிறம். 3, 4 சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

கோவை_ஹெரால்டு:

கலவை மெலிதாக இருக்கிறது. நட்டை இன்னும் இரண்டு முகம் இறக்கிப் பாருங்களேன்?

பழைய_இரும்பு:

கோவைத் தம்பி, நட்டில் கை வைக்க வேண்டாம். படத்தை இன்னொருக்கால் பாரும்.

காபரேற்றர் ஒன்றுதான். அது பெற்றோலைக் குறைத்துக் கொடுத்தால் நாலு பிளக்கும் வெளுக்க வேண்டும். இங்கே இரண்டு நல்ல நிறம், இரண்டு வெள்ளை. அதுவும் எந்த இரண்டு? 3உம் 4உம், பக்கத்துப் பக்கத்து வீடு. இந்த எஞ்சினின் தலையில் காற்று உள்ளே போக நாலு வாய் இல்லை, இரண்டுதான். 1உம் 2உம் ஒரு வாயால் குடிக்கின்றன, 3உம் 4உம் மற்ற வாயால். ஆகவே காபரேற்றருக்கும் தலைக்கும் நடுவில், 3-4 பக்கம் போகிற மனிபோல்ட் கையில் எங்கேயோ கள்ளக் காற்று ஏறுகிறது. ஐட்லிங்கில் திரொட்டில் (அக்சிலேற்றரால் திறக்கும் தகடு) மூடியிருக்கும், உள்ளே உறிஞ்சல் பலம், சின்ன ஓட்டையால் ஏறும் காற்றும் பெரிய பங்கு. வேகமாக ஓடும்போது அது கணக்கில் வராது. அதனால்தான் 40 மைலில் நல்ல பிள்ளை. சோக் இழுத்தால் பெற்றோல் கூடி அந்தக் காற்றுக்கு ஈடுகட்டுகிறது. நீர் முதல் நாள் எழுதினதிலேயே விடை இருந்தது, நான்தான் பிளக்கைக் காணாமல் சொல்ல விரும்பவில்லை.

நட்டை இறக்கினால் 3, 4 திருந்தலாம், 1, 2 கரிபிடித்துச் சாகும்.

ஸ்காபரோக்காரன்:

நான் காபரேற்றர் அடியிலுள்ள கஸ்கெற் (சந்தில் காற்று ஒழுகாமல் அடைக்கும் தட்டு) என்று சொல்ல வந்தேன். ஆனால் அது ஒழுகினால் நாலும் வெளுக்கும், என்ன ஐயா?

பழைய_இரும்பு:

பெரும்பாலும் அப்படித்தான். திரொட்டில் தண்டு தேய்ந்து காற்று ஏறினாலும் அதே கதை. இது அதைத் தாண்டின இடம். மனிபோல்ட் தலையோடு சேருகிற கஸ்கெற்றாக இருக்கலாம், வார்ப்பில் வெடிப்பாக இருக்கலாம்.

தேடும் முறை. சோக்கைப் பாதி இழுத்து எஞ்சினை ஓட விடும். பூச்செடிக்கு அடிக்கும் கைத்தெளிப்பானில் பச்சைத் தண்ணீர் எடுத்து, 3-4 பக்கம் சந்துகளில் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். எந்த இடத்தில் தெளிக்க எஞ்சின் சத்தம் மாறுகிறதோ அதுதான் ஓட்டை. புகை வெளியே போகிற எக்சோஸ்ற் மனிபோல்ட்டில் படாமல் பார்த்துத் தெளியும், கொதிக்கிற வார்ப்பிரும்பு தண்ணீருக்கு வெடிக்கும்.

மதில்மேல்பூனை:

பெற்றோலைத் தெளித்தால் இன்னும் கெதியாகத் தெரியும், யூரியூபில் கண்டேன்.

பழைய_இரும்பு:

கெதியாகத் தெரியும், அடுத்த ஊருக்கும் தெரியும். எக்சோஸ்ற்றும் அதே இடத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது ராசா. ஒருவரும் அதைச் செய்யக்கூடாது.

சுன்னாகம்_மைனர்:

கண்டுபிடித்தேன்! ஆனால் என்ன கண்டுபிடித்தேன் என்று விளங்கவில்லை.

கஸ்கெற் ஓரமெல்லாம் தெளித்தேன், ஒன்றுமில்லை. மனிபோல்ட் கையின் அடிப்பக்கம் தெளித்த உடனே சத்தம் தடுமாறிப் பிறகு திரும்ப வந்தது. அங்கே கண் எட்டாது. தொலைபேசியை அடியில் நுழைத்துப் படம் எடுத்தேன். ஒரு சின்னப் போல்ட் தலை, அதைச் சுற்றி மஞ்சள் பழுத்த அரால்டைற் பசை மாதிரி ஏதோ பூசியிருக்கிறது. பூச்சு ஒரு பக்கம் வெடித்து, தலைமயிர் அளவு கோடு. போல்ட்டை விரலால் தொட்டால் ஆடுகிறது.

கைநூலில் அந்த இடத்தில் போல்ட் எதுவும் இல்லை. இது என்ன?

ஸ்காபரோக்காரன்:

தொழிற்சாலையில் போட்டதில்லை. பிரேக் பூஸ்ரர் போட யாரோ துளைத்ததோ? ஆனால் மைனரில் யார் போடுவார்கள்.

பழைய_இரும்பு:

தம்பி, உங்கட அப்பா 90களில் யாழ்ப்பாணத்திலேயே காரை ஓடினவரோ?

சுன்னாகம்_மைனர்:

ஓம் ஐயா. நான் அப்போது பிறக்கவில்லை.

பழைய_இரும்பு:

அப்ப விளங்குது.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு வடக்குக்குப் பெற்றோல் வருவது தடை. கள்ளமாக வந்தது பொன் விலை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடினது என்று சும்மா சொல்லிவிடலாம், மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில் ஆவியாகாது, எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. பெற்றோலில் தொடக்கி, மனிபோல்ட் சூடான பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து காபரேற்றருக்குள் பீச்சினார்கள். காருக்கு அது காணாது.

நான் அப்போது ஒரு கராஜில் வேலை. நாங்கள் செய்த முறை, மனிபோல்ட்டில் ஒரு துளை போட்டுச் செப்புக் குழாய்த் துண்டு இறக்கி, அதிலிருந்து சேலைன் ரியூப் ஒன்றைப் பொனெற்றுக்குள் கட்டின போத்தலுக்குக் கொண்டுபோவோம். சேலைனில் சொட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்னச் சில்லு இருக்குமே, அதுதான் எங்கள் காபரேற்றர். அரைச் சிரட்டை பெற்றோல் போதும். எஞ்சின் பிடித்து, அரைக் கட்டை (அரை மைல்) தூரம் ஓடிச் சூடான பிறகு சில்லைப் பூட்டிவிட வேண்டும். மைனரில் இன்லெற்றும் எக்சோஸ்ற்றும் ஒன்றோடொன்று சேர்ந்த வார்ப்பு என்பது எங்களுக்கு வாய்ப்பு, கெதியில் சூடாகிவிடும்.

எஸ்யூ காபரேற்றருக்கு இன்னொரு நன்மையும் இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைவிடத் தடிப்பு, பாரமும் கூட, அதே ஜெற்றில் காணாமல் போகும். சோலெக்ஸ் என்றால் ஜெற்றைக் கழற்றித் துளையைப் பெருப்பிக்க வேண்டும். எஸ்யூவில் நட்டை இரண்டு மூன்று முகம் இறக்கினால் முடிந்தது. பெற்றோல் கிடைத்தால் திரும்ப ஏற்றினோம். எஞ்சின் பட்ட பாடு வேறு, எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கிவிடும். ஒயில் குச்சியை மணந்தால் விளக்கு மணக்கும். ஒயிலும் கிடைக்காத காலம்.

2002இல் பாதை திறந்து பெற்றோல் வந்த பிறகு எல்லாரும் குழாயைப் பிடுங்கிவிட்டு ஒரு போல்ட்டை இறுக்கி அரால்டைற் பூசிவிட்டார்கள். சூட்டிலும் அதிர்விலும் அது இவ்வளவு காலம் நின்றதே பெரிய காரியம். நான் பூசினதாகவும் இருக்கலாம்!

கோவை_ஹெரால்டு:

ஐயா, நான் 20 சதவீத எத்தனாலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொள்கிறேன்.

இப்போது அதற்கு என்ன செய்வது? மறுபடியும் பூசினால் போதுமா?

பழைய_இரும்பு:

பூசக்கூடாது. மனிபோல்ட்டைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் செய்ய வேண்டும். காரில் வைத்துத் துளைத்தால் இரும்புத்தூள் நேரே சிலிண்டருக்குள் போகும். துளையை ஒழுங்காகப் பெருப்பித்து மரை வெட்டி, ஒரு பித்தளை அடைப்பைத் திருகி இறுக்க வேண்டும். லேத்துக்காரருக்கு அரை மணித்தியால வேலை. கழற்றும்போது நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற வையும். தலைக்குள் முறிந்தால் அழுவீர். திரும்பப் போடும்போது புதுக் கஸ்கெற்.

சுன்னாகம்_மைனர்:

ஒரு கிழமையாக எழுதவில்லை, மன்னிக்கவும். ஒரு ஸ்ரட் (நட்டு ஏறும் மரைக்கம்பி) முறிந்துதான் போனது. நல்லகாலம், வெளியில் நீட்டிக்கொண்டு முறிந்ததால் பிடித்துக் கழற்ற முடிந்தது.

போல்ட்டை வெளியே எடுத்தபோது அதன் மரையில் பாதிதான் பிடித்திருந்தது, மீதி பசை. லேத்தில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு பித்தளை அடைப்புப் போட்டுத் தந்தார்கள், 1,500 ரூபா. அதோடு இரண்டு காபரேற்றரையும் பக்கத்தில் வைத்துத் திரொட்டில் தண்டை ஆட்டிப் பார்த்தேன். 60 வருசப் பழசில் ஆட்டம் மிகக் கொஞ்சம். புதுசில் அதைவிட அதிகம்! பழசைக் கழுவி, ஊசியைத் திரும்ப அதில் போட்டு, அதையே மாட்டினேன்.

12 முகம் இறக்கித் தொடக்கினேன். சூடான பிறகு காபரேற்றரின் பக்கத்திலுள்ள, பிஸ்டனைத் தூக்கும் சின்னக் கம்பியால் அதை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பார்த்தேன். வேகம் ஏறி அப்படியே நின்றது, அதாவது பெற்றோல் கூட. ஒரு முகம் ஏற்றினேன். இன்னொன்று. மூன்றாவதில் சற்று ஏறிப் பழைய இடத்துக்கு வந்தது. சோக் முழுக்க உள்ளே. வானொலியைப் போட்டுவிட்டுப் பத்து நிமிசம் பக்கத்தில் நின்றேன், நிற்கவில்லை. நாலு பிளக்கும் இப்போது ஒரே நிறம்.

ஐயா எழுதினதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அந்தச் சேலைன் சில்லு தன் வேலை என்றா. பற்றரி கிடையாதாம். அப்பா முன்னால் நின்று ஹாண்டில் சுற்ற, அம்மா பொனெற்றுக்குள் குனிந்து நின்று சில்லை உருட்டித் திறப்பாவாம். அப்பா "விடு" என்றால் திறக்க வேண்டும், "காணும்" என்றால் பூட்ட வேண்டும். ஒருநாள் "காணும்" கேட்காமல் நின்றதில் போத்தல் முழுக்க இறங்கிவிட்டதாம். அப்பா இரண்டு நாள் கதைக்கவில்லையாம்.

பழைய_இரும்பு:

ஒரு போத்தல் பெற்றோலுக்கு இரண்டு நாள் குறைவு தம்பி. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லும்.

நூறு மைல் ஓடின பிறகு மனிபோல்ட் நட்டுகளை இன்னொருக்கால் இறுக்கிப் பாரும், புதுக் கஸ்கெற் கொஞ்சம் படியும். அரை அங்குலச் சாவி.

கோவை_ஹெரால்டு:

அந்தப் புது கார்புரேட்டரை என்ன செய்யப்போகிறீர்கள்?

சுன்னாகம்_மைனர்:

பெட்டிக்குள் இருக்கிறது அண்ணா, ஊசி இல்லாமல். மிதவைக் கிண்ணமும் மூடியும் நல்லது, உதிரிக்கு வைத்திருக்கிறேன். 

மதில்மேல்பூனை:

38,000 ரூபாவுக்கு ஒரு கிண்ணம், ஒரு மூடி. சரி, ஞாயிற்றுக்கிழமை சுன்னாகம் பக்கம் வருகிறேன், ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போவீர்களோ?